எல்லாருக்கும் போட்ட கூப்பாடு

ஒரே ஒரு கடலிலே, ஒரே ஒரு தீவிலே, கராச்சர்மா மேட்டிலே, மாடி வீடு ஒன்றிலே, ஃபிரிட்ஜ் தலையிலே ஒரு ரூட்டர் உட்கார்ந்திருந்ததாம். அதற்கு இரண்டு கொம்பு. மினுக்கு மினுக்கென்று பச்சை விளக்கு. ராவும் பகலும் கண்மூடாமல் உழைத்த அந்த ரூட்டரைவிட அதிகமாக அந்த வீட்டில் உழைத்தவள் ஒருத்திதான். அவள் பேர் மங்கையர்க்கரசி. அவளைக் கட்டிக்கொண்டவன் பேர் சந்திரமோகன். இது தன்னைப் பற்றிய கதை என்றுதான் அவன் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தான். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

சந்திரமோகனுக்கு, அதே தீவில் துறைமுகம் இருக்கிற ஹேடோவில் வேலை. தீவுக்குத் தீவு கிளை வைத்திருந்த ஒரு சரக்குக் கம்பெனியில், கிளைகளின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா என்று பார்த்துக்கொள்கிற உத்தியோகம். கம்ப்யூட்டர்கள் பேசிக்கொண்டன. வீட்டில்தான் அவன் யாரோடும் பேசியதாகத் தெரியவில்லை. பேசவே மாட்டான் என்றில்லை. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான். பெண்டாட்டியைப் பேர் சொல்லி அழைப்பது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அந்த ஒரு வழக்கத்தை இழுத்து வீடு முழுவதற்கும் விரித்துவிட்டான். "யாராவது கதவைத் திறங்க" என்பான். "யாராவது தண்ணி கொண்டாங்க" என்பான். மகள் திவ்யாவின் காதில் இயர்போன் இருக்கும். மாமனார் பொன்னுத்துரையின் காதில் டிவி இருக்கும். ஆகவே ஒவ்வொரு தடவையும் மங்கைதான் வருவாள். அந்த வீட்டில் 'யாராவது' என்பது ஓர் ஆளுடைய பேர் என்று இத்தனை வருஷத்தில் அவனுக்கு உறைக்கவே இல்லை.

இப்படி இருக்கையில், காடு தாண்டி பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருந்த ரங்கத் கிளையில் ஒரு கூத்து நடந்தது.

ஹேடோ ஆபீசில் சந்திரமோகனுக்குப் பக்கத்து நாற்காலி கௌதம். ரங்கத்தில் எல்லா மெஷினும் சரியாக ஓடுகிறதா பார் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு மெஷினாகக் கூப்பிட்டுப் பார்க்கச் சோம்பல்பட்ட கௌதம், கிளை முழுவதற்கும் சேர்த்து ஒரே கூப்பாடு போட்டான். பதில் வந்தது. "ரங்கத்துல எல்லாம் உயிரோட இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அங்கேயோ காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஒரு கம்ப்யூட்டர்கூட ஓடவில்லை. இன்வெர்ட்டர் தயவில் உயிரோடு இருந்தது வாசல் ரூட்டர் ஒன்றுதான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சந்திரமோகன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சூரை மீன் குழம்பு புரையேறும்வரை சிரித்தான். பிறகு, அறிவு நிரம்பியவர்களுக்கே உரிய பெருந்தன்மையோடு, வீட்டாருக்கு விளக்கினான். ஒவ்வொரு கிளையும் ஒரு தெரு மாதிரி. உள்ளே இருக்கிற ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கதவு எண். பூஜ்யம் என்கிற எண் தெருவின் பேர்; அதில் யாரும் குடியிருப்பதில்லை. கடைசி எண்ணான இருநூற்று ஐம்பத்தைந்திலும் யாரும் குடியிருப்பதில்லை. அது தெரு முழுக்கக் கேட்கப் போடுகிற கூப்பாடு. கௌதம் அனுப்பிய பிங் என்பது 'இருக்கியா?' என்று கேட்பது. இருக்கிற மெஷின் 'இருக்கேன்' என்று சொல்லும். அவ்வளவுதான் சங்கதி.

திவ்யாவின் காதில் பாட்டு. பொன்னுத்துரையின் கண் டிவியில். கேட்டுக்கொண்டிருந்தது மங்கை ஒருத்திதான். அவள்தான் கேட்டாள்.

"அப்ப அந்த ரூட்டரு உள்ள போய் யாரையும் கேக்கவே இல்லையா?"

"கேக்காது. வெளியூர்லருந்து தெருவுக்கே கூப்பாடு வந்தா உள்ள விடாது. வாசல்லயே நின்னு, தன்னோட அட்ரஸ்லருந்து 'நான் இருக்கேன்'னு ஒரே ஒரு பதில். முடிஞ்சுது."

"பூஜ்யத்தைக் கூப்பிட்டா?"

"அதுக்கும் அதேதான். தெருப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா தெருவா எந்திரிச்சு வரும்? அப்பவும் ரூட்டர்தான் என்னன்னு கேக்கும். சில ரூட்டர் அதுவும் கேக்காது, காதுல விழாத மாதிரி இருந்துரும்."

ஏன் உள்ளே விடாது என்று அவள் கேட்டாள். முன்னெல்லாம் விட்டுக்கொண்டுதான் இருந்தது என்றான் சந்திரமோகன். எவனோ ஒரு போக்கிரி, அடுத்தவன் பேரைப் போட்டு ஒரு தெருவுக்கே 'இருக்கீங்களா' என்று கூப்பாடு போட்டான். தெருவே திரண்டு, 'இருக்கோம், இருக்கோம்' என்று அந்த அப்பாவியின் வாசலில் போய் நின்றது. அவன் நசுங்கியே போனான். அதிலிருந்து ரூட்டர்களுக்குப் பொறுப்பு வந்துவிட்டது.

மங்கை ஃபிரிட்ஜ் தலையைப் பார்த்தாள். உள்ளே இருக்கிறவர்களைத் தொந்தரவு பண்ணாமல் எல்லாருக்கும் சேர்த்து அதுவே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறதே, அதை எப்போதாவது யாராவது 'நீ எப்படி இருக்கே' என்று கேட்டிருக்கிறார்களா என்று கேட்டாள்.

"ரூட்டரையா?" என்று சந்திரமோகன் மறுபடி சிரித்தான். சிரித்து முடித்து, விரலை உயர்த்திச் சொன்னான்: "பதில் எந்த அட்ரஸ்லருந்து வந்துச்சுன்னு பாக்கணும். அதைப் பாக்காதவன் இந்த வேலைக்கே லாயக்கில்ல."

மங்கை தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ரங்கத் கூத்தால் ஒரு நன்மை விளைந்தது. அங்கே தெரிந்த ஆள் ஒருவர் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று மேனேஜருக்குத் தோன்றியது. சந்திரமோகனைக் கூப்பிட்டார். ரங்கத் கிளைக்கு இன்சார்ஜாகப் போகிறீர்களா, குடும்பத்தோடு கலந்து பேசித் திங்கட்கிழமை சொல்லுங்கள் என்றார்.

இன்சார்ஜ். அந்தச் சொல்லுக்காகச் சந்திரமோகன் பல வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தான். மேஜைமேல் பேர்ப்பலகை. கண்ணாடிக் கதவு. ஆனால் ஆசைக்கு அடியில் இன்னொரு ஆசை இருந்தது. அதை அவன் வெளியே சொல்லவில்லை. அந்த ஆசையின் பேர் பொன்னுத்துரை.

மாமனார் நல்ல மனுஷர். ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் காற்று ஒழுங்காக வருகிற ஃபேன் ஒன்றுதான். அதற்கு நேர் கீழே அவருடைய நாற்காலி. நெட் கொஞ்சம் திணறினால் போதும், "கப்பல்காரன் எங்கயோ நங்கூரம் போட்டிருப்பான் மாப்ள, கேபிள்ல மாட்டியிருக்கும்" என்பார். கடலடிக் கேபிளுக்கும் வீட்டு ரூட்டரின் தளர்ந்த பிளக்குக்கும் சம்பந்தமில்லை என்று சந்திரமோகன் எத்தனையோ தடவை விளக்கியாயிற்று. "டீக் ஹை, டீக் ஹை" என்று சரி சரியென்று தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். மறுநாள் மறுபடி நங்கூரம் போடுவார். தினமும் காலையில் பஸ் ஏறி ஹேடோவுக்குப் போய்க் கப்பல் பார்த்துவிட்டு வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பெரிய கப்பல் வராத ரங்கத்துக்கு அவர் வர மாட்டார். ஹேடோ குவார்ட்டர்ஸில் மகன் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த ஃபேன் விடுதலையாகும். இதுதான் கணக்கு.

ஆனால் மற்றவர்கள்? திவ்யா பிளஸ் ஒன். மங்கை பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொடுக்கிறாள். ரங்கத்துக்கு வருகிறீர்களா என்று தனித்தனியாகக் கேட்டால் திவ்யா அழுவாள். மங்கை அழ மாட்டாள். அது இன்னும் கஷ்டம். கேட்காமல் சம்மதம் சொல்லவும் மனசு ஒப்பவில்லை. கேட்டதாகவும் இருக்க வேண்டும், யாரும் பதில் சொல்லாததாகவும் இருக்க வேண்டும். யோசித்தான். அவனுடைய தொழிலே கைகொடுத்தது. எல்லாருக்கும் சேர்த்துக் கூப்பாடு போட்டால் உள்ளே இருக்கிற யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

கீழ்வீட்டு அந்தோணிமுத்து படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். அவரிடம் மட்டும் இந்தத் திட்டத்தைச் சொன்னான். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே முழுதையும் கேட்டார் அந்தோணிமுத்து.

"வீட்டுல மத்தவங்க மூணு பேருதான அண்ணே" என்றார். "எந்திரிச்சுப் போய்க் கேட்டா ஆச்சு."

உங்களுக்கு நெட்வொர்க் புரியாது என்று சொல்லிவிட்டுச் சந்திரமோகன் மாடியேறினான்.

முதலில் தெருவின் பேரைக் கூப்பிட்டான். அதாவது, 'நம்ம வீடு' என்று அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. அதில் எழுதினான்: குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம், ரங்கத் கிளையில் பொறுப்பேற்கும்படி அழைப்பு வந்துள்ளது, ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கவும். திவ்யா அந்தக் குரூப்பை எப்போதோ சத்தமில்லாமல் பண்ணி வைத்திருந்தாள். மாமனாரின் போன் அலமாரியில் சார்ஜில் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு கட்டைவிரல் உயர்ந்தது. மங்கையுடையது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், எதற்கும் இருக்கட்டும் என்று, ஹால் நடுவில் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. ரங்கத் வேலைக்குச் சரின்னு சொல்லப் போறேன். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிருங்க."

திவ்யாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. டிவியில் வங்கக் கடலில் காற்றழுத்தம் பற்றி யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமனார் அந்தக் காற்றழுத்தத்துக்குள் இருந்தார். அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"ஒருத்தருக்கும் ஆட்சேபணை இல்ல. கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."

ஒரு கணம் சந்திரமோகனுக்குள் என்னவோ இடறியது. இந்த மாதிரி எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. அதற்குள் வறுத்த மீன் வாசனை வந்துவிட்டது.

திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் போய் நின்றான். "குடும்பத்துல எல்லாருக்கும் முழுச் சம்மதம் சார்" என்றான். பக்கத்து நாற்காலியில் கௌதம் தலையைத் தூக்கி ஒரு மாதிரி பார்த்தான். சந்திரமோகன் அதைக் கவனிக்கவில்லை. அன்றைக்கே ஆர்டர் கையில் வந்துவிட்டது.

அந்த வாரம் முழுவதும் அவன் மிதந்துகொண்டே திரிந்தான். பேர்ப்பலகைக்குக்கூடச் சொல்லி வைத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஹாலில் இரண்டு பெட்டி தயாராக இருந்தன. ஒன்று அவனுடைய சூட்கேஸ். அதன் பக்கத்தில், துருவேறிய பூட்டோடு, ஒரு பச்சைத் தகரப் பெட்டி. அவனுடைய கம்ப்யூட்டர் மேஜை இருந்த மூலையில் தையல் மெஷின் இருந்தது. மேஜையைக் காணோம்.

"இது யாரோட பெட்டி?"

"அப்பாவோடது" என்றாள் மங்கை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி வீட்டுக்குப் போறாரா?"

"உங்ககூட ரங்கத்துக்கு வர்றாரு."

சந்திரமோகன் பெட்டிமேலேயே உட்கார்ந்தான். அப்படியானால் அவளும் திவ்யாவும் எந்தப் பெட்டியில் துணி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டான். நாங்கள் எங்கேயும் போகவில்லை என்றாள். திவ்யா இந்தப் பள்ளிக்கூடத்தை இங்கேயே முடிக்கட்டும், நீங்கள் போய் இன்சார்ஜாக இருங்கள், லீவு கிடைக்கிறபோது பஸ் ஏறி வாருங்கள் என்றாள்.

"நான் எல்லாரையும் கேட்டேனே."

"கேட்டீங்க. எத்தனை பதில் வந்துச்சு?"

"ஒண்ணு."

"எந்த அட்ரஸ்லருந்து?"

ஃபிரிட்ஜ் தலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. இந்த வேலைக்கே லாயக்கில்லை என்று யாரோ விரலை உயர்த்திச் சொன்னது அவன் காதில் கேட்டது. அது அவன் குரலாகவே இருந்தது.

"நீங்க போட்ட கூப்பாடு உள்ள போகவே இல்ல" என்றாள் மங்கை. கோபமில்லாமல்தான் சொன்னாள். "அதனால அன்னைக்குச் சாயங்காலமே ஒவ்வொருத்தரா நானே போய்க் கேட்டேன். பேர் சொல்லி."

திவ்யாவின் காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டுக் கேட்டாளாம். திவ்யா அழவில்லை. தன் படிப்பைச் சொன்னாள். பிறகு, அப்பாவுக்கு அந்த வேலைமேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும், எனக்காக நிற்க வேண்டாம், போகச் சொல்லுங்கள் என்றாள். பிறகு தன் அப்பாவிடம் போய் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டாளாம். அவர் பதில் சொல்வதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். பொடி எழுத்தில் எதையோ படிக்கக் கொடுத்த மாதிரி. அவரிடம் யாரும் எதையும் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

ஹேடோவில் இப்போது எல்லாம் பெரிய பெரிய கிரேன். கேட்டில் நிற்கிற பையனுக்கு அவரைத் தெரியாது. பாஸ் எங்கே என்று ஹிந்தியில் கேட்கிறான். தினமும் பஸ் ஏறிப் போய், கம்பி வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறார். கூட வின்ச் ஓட்டிய இரண்டு மூன்று பேர் ரங்கத்தில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். காலையில் மார்க்கெட் பக்கம் போய் உட்கார்ந்தால் பேச ஆள் இருக்கும்.

"அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றான் சந்திரமோகன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அந்த மெசேஜை நான்தான் எடுத்துக் காட்டினேன். 'அதுல என் பேரு இல்லையேம்மா, மாப்ளக்கு நான் பாரமா இருப்பேனோ என்னவோ'ன்னாரு அப்பா."

ஃபேனுக்குக் கீழே நாற்காலி காலியாக இருந்தது. மாமனார் அந்தோணிமுத்துவிடம் சொல்லிக்கொள்ளக் கீழே போயிருந்தார். ரங்கத், ரங்கத் என்று அவர் குரல் படியேறி வந்துகொண்டிருந்தது. அந்தக் குரலில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று சந்திரமோகன் எதிர்பார்க்கவில்லை. திட்டம் போட்டு யாரைக் கழற்றிவிட நினைத்தோம் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. இப்போது 'வரவேண்டாம்' என்று சொல்ல எந்த வாயால் முடியும்?

மங்கை தையல் மெஷினை ஓட்டத் தொடங்கினாள். அது நின்றபோது அவன் கேட்டான்.

"மங்கை. உன்னை யாரு கேட்டா?"

அவள் நிமிர்ந்தாள். வேறு யாரையோ கூப்பிட்டானோ என்று ஒரு தடவை பின்னால்கூடத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"யாரும் கேக்கல" என்றாள். "புதுசா ரெண்டு ஸ்கூலோட யூனிஃபார்ம் வேல எனக்கு வந்திருக்கு. இங்க இருந்து தைச்சாத்தான் உண்டு. அதைச் சொல்லலாம்னு போன வாரமே ரெண்டு தடவ வந்து உங்க பக்கத்துல நின்னேன். நீங்க திரும்பிப் பாக்காமயே, 'யாராவது காபி போடுங்க'ன்னீங்க. போட்டுக் குடுத்துட்டுப் போனேன்."

அந்தக் காபி அவனுக்கு ஞாபகமிருந்தது. நன்றாகவே இருந்தது. வேலையை வேண்டாமென்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டான்.

"எதுக்கு? தூக்கத்துலகூட இன்சார்ஜ் இன்சார்ஜ்னுதான் பொலம்புறீங்க. போயிட்டு வாங்க. எனக்கு என் தையலும் வேணும், நீங்க இன்சார்ஜா இருக்கிறதும் வேணும்."

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே, ரங்கத் பஸ்ஸுக்காக எல்லாரும் கராச்சர்மா மெயின் ரோட்டில் நின்றார்கள். தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்த அந்தோணிமுத்து, பஸ் வந்ததும் அதைக் கூரையில் ஏற்றிக் கட்டிவிட்டு, படகுத்துறையில் ஒரு எஞ்சின் காத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினார். போகும்போது சந்திரமோகனின் தோளைத் தட்டி, "இப்பக் கொஞ்சம் நெட்வொர்க் புரியுது அண்ணே" என்றார். திவ்யா ஜன்னல் வழியாக அப்பாவின் கையையும் தாத்தாவின் கையையும் ஒரு தடவை பிடித்துவிட்டு டியூஷனுக்கு ஓடினாள்.

மங்கை மட்டும் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். உள்ளே பொன்னுத்துரை ஜன்னலோர இடத்தைப் பிடித்து வசதியாக உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டித் தலையை நீட்டித்தான் சந்திரமோகனால் அவளைப் பார்க்க முடிந்தது.

"யாரா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "மங்கை, தண்ணி பாட்டில்."

அவள் ஏற்கெனவே அதைக் கையில் வைத்திருந்தாள். நீட்டினாள்.

"காட்டுக்குள்ள சிக்னல் போயிடும் மாப்ள, பயப்படாதீங்க" என்றார் பொன்னுத்துரை. "கப்பல்காரன் எங்கயாவது நங்கூரம் போட்டிருப்பான்."

ரங்கத்தில் எங்கே தங்கப் போகிறோம் என்பது அப்போதுதான் சந்திரமோகனுக்கு ஞாபகம் வந்தது. குனிந்து அவளைக் கேட்டான்.

"அப்பா அவர் சிநேகிதர்கிட்டச் சொல்லி அருமையான ரூமா பிடிச்சு வச்சிருக்காரு. ஃபேன் ஒண்ணுதானாம்" என்று சொல்லிவிட்டு, பஸ் நகரும்வரைகூட நிற்காமல், தைக்க வேண்டிய துணி நிறைய இருக்கிறவளின் நடையில் மேட்டு ரோட்டில் ஏறிப் போய்விட்டாள்.